இரும்பு திரும்பாத இடத்தில்

விம்கோ நகர் என்ற பெயர் தீப்பெட்டியிலிருந்து வந்தது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற நெடிய பெயரின் சுருக்கம்தான் விம்கோ. திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் இடையே புறநகர் ரயில் ஒரு நிமிடம் நின்று போகும் நிலையமாகவே நெடுங்காலம் இருந்த இந்த ஊருக்கு, 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. தீக்குச்சியைப் பற்றவைப்பதற்கும் இரும்போடு இரும்பைப் பற்றவைப்பதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை இவ்வூரில் வளர்ந்த எவரும் வியப்பாகக் கருதுவதில்லை. வெல்டிங் பழக வருகிற பையனிடம் முதல் நாள் சொல்லப்படும் பாடமும் அதுவே: ராடை இரும்பின் மீது தீக்குச்சி உரசுவதுபோல உரசு.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இதைவிடப் பழைய சொல் ஒன்று தெரிந்திருக்கும். பொற்கொல்லர்கள் இரு துண்டுகளை இணைக்க இடையில் உருக்கி வார்க்கும் பொடிக்குப் பற்றாசு என்று பெயர். யாப்பிலக்கணம் அந்தப் பட்டறையிலிருந்துதான் ஓர் உவமையைக் கடன் வாங்கியது. நேரிசை வெண்பாவில் முதற்குறளும் தனிச்சொல்லும் ஒட்டாமல் நிற்கும்போது ஓரசையோ ஈரசையோ இட்டு நிரப்புவதை ஆசு என்றார்கள். ஆசிடை வெண்பா என்று அதற்குத் தனிப்பெயரும் உண்டு. ஆனால் பற்றாசுக்கும் வெல்டிங்குக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. பற்றாசில் இடையே இட்ட உலோகம் மட்டும் உருகும். இணைக்கப்படும் துண்டுகள் உருகுவதில்லை. வெல்டிங்கில் இணைய வேண்டிய இரண்டு விளிம்புகளும் ராடோடு சேர்ந்து உருகி, ஒரு சிறு குளமாகி, ஒன்றாக உறைய வேண்டும். இரும்பு உருக ஏறத்தாழ 1500 பாகை வெப்பம் வேண்டும். உருகியபின் அது தண்ணீரைப்போல நடந்துகொள்ளும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். வெல்டிங் நிலைகள் என்று சொல்லப்படும் அனைத்தும் இந்த ஒரு சிக்கலிலிருந்து பிறந்தவை.

எங்கள் அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் வெல்டராக இருந்தார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் கையாளாகச் சேர்ந்து, பின்னர் ஒப்பந்ததாரர்களிடம் மாறி, எண்ணூர், அத்திப்பட்டு, மணலி என்று ஆலை ஆலையாகப் போனவர். அவருடைய சான்றிதழ்களை அம்மா ஒரு தகரப் பெட்டியில் பாஸ்புக்குகளோடு சேர்த்து வைத்திருந்தார். 2ஜி, 3ஜி, 5ஜி, 6ஜி என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் அந்த எழுத்துகளை வைத்துத்தான் வீட்டு நிலவரத்தை ஊகித்தோம். 6ஜி வேலை என்றால் அந்த மாதம் கடன் அடையும். அதற்கு மேல் அவற்றின் பொருள் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் வேலையை விட்ட பிறகே, விதிநூல்களை ஒருபுறமும் அவரை மறுபுறமும் வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை முழுதாக வாசித்தோம்.

ஜி என்பது பள்ளம் வெட்டிய இணைப்பைக் குறிக்கும். இரு தகடுகளின் விளிம்புகளையும் சாய்வாகச் சீவி, நடுவில் விழும் காடியை நிரப்புவது அது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி மூலையை நிரப்பினால் எஃப். எண்தான் நிலையைச் சொல்கிறது.

ஒன்று என்றால் தரையில் கிடக்கும் தகடு. வெல்டர் குனிந்து மேலிருந்து கீழாக நிரப்புகிறார். குளம் தன் பள்ளத்திலேயே அமைதியாகக் கிடக்கும். வாசலில் மாக்கோலம் இழைப்பதற்கு ஒப்பானது இது. ஈரம் எங்கும் ஓடிவிடாது. கூடுதல் மின்னோட்டம் கொடுக்கலாம். பருத்த ராடு பிடிக்கலாம். வேலை வேகமாக நகரும்.

இரண்டு என்றால் சுவர்போல் நிற்கும் தகட்டில் கிடைமட்டமாக ஓடும் கோடு. அதே மாக்கோலத்தைச் சுவரில் குறுக்காக இழைப்பதாக எண்ணிக்கொள்ளலாம். மாவு கீழ்நோக்கி வழியும். இரும்பும் அப்படியே வழிந்து, கீழ் விளிம்பில் மடிப்பாகத் தொங்கும். மேல் விளிம்பில் ஒரு பள்ளத்தை அரித்துவிட்டுப் போகும். அந்தப் பள்ளம் பிற்பாடு விரிசல் தொடங்குமிடம். ஆகையால் தடித்த ஒரே வரியாகப் போடாமல், மெல்லிய வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்வதுபோல அடுக்குவார்கள்.

மூன்று என்றால் நிற்கும் தகட்டில் செங்குத்தாக ஏறும் கோடு. கீழிருந்து மேலே போக வேண்டும். சற்று முன் உறைந்த இரும்பு ஒரு சிறு படியாக அமையும். அடுத்த துளி அதன் மேல் அமரும். இடமும் வலமும் ஆட்டி, இரு ஓரத்திலும் ஒரு கணம் நிறுத்தி, நடுவை விரைந்து கடக்க வேண்டும். நன்றாக வந்த வரியைப் பார்த்தால் மீன் செதில் வரிசைபோல இருக்கும்.

நான்கு தலைக்கு மேல். தகடு கூரையாக இருக்கிறது; வெல்டர் அதன் அடியில் நிற்கிறார், அல்லது படுத்திருக்கிறார். உருகிய இரும்பு ஏன் அவர் முகத்தில் விழாமல் மேலேயே ஒட்டிக்கொள்கிறது என்பது நாங்கள் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி. சன்னல் கம்பியின் அடியில் மழைத்துளி தொங்குவதை அவர் காட்டினார். துளி சிறிதாக இருக்கும்வரை அதன் பரப்பு இழுவிசை அதைத் தாங்கும், பருத்தால் விழுந்துவிடும். குளத்தைச் சிறிதாகவே வைத்திருக்க வேண்டும், அது சட்டென்று உறைய வேண்டும். அதற்காக மின்னோட்டத்தைக் குறைத்து, ராடின் முனையை இரும்புக்கு மிக அருகில் பிடிப்பார்கள். அருகில் பிடித்தால் வில்லின் உந்துவிசையும் துளியை மேல்நோக்கித் தள்ளிக்கொடுக்கும். இவ்வளவு செய்தும் பொறிகள் கொட்டத்தான் செய்யும். காலருக்குள்ளும் காதுமடலிலும் புகுந்த பொறிகளின் தழும்புகள் அப்பாவின் உடம்பில் இன்றும் இருக்கின்றன.

ராடின் மீது அச்சிட்ட எண்ணிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. இ7018 என்ற ராடில் கடைசிக்கு முந்தைய 1 என்ற இலக்கம் எல்லா நிலைகளுக்கும் ஏற்றது என்று பொருள்படும். இ7024 என்றால் அந்த இடத்தில் இருப்பது 2. தரையில் கிடக்கும் வேலைக்கும் கிடைமட்ட மூலைக்கும் மட்டுமே அது பயன்படும். 7018 ராடுகளுக்கு ஈரம் ஆகாது. பூச்சில் ஈரம் ஏறினால் அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து பின்னர் விரிசலாக வெளிப்படும். எண்ணூர்க் கடற்காற்றில் ராடுகளைச் சூடான பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பதற்கு இதுதான் காரணம்.

குழாயில் இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. உருட்டிக்கொண்டே மேலிருந்து நிரப்ப முடிந்த குழாய் 1ஜி. நட்டுவைத்த தூண்போல் நிற்கும் குழாயைச் சுற்றி வருவது 2ஜி. படுத்த நிலையில் அசையாமல் பொருத்தப்பட்ட குழாய் 5ஜி. வெல்டர்கள் இதைக் கடிகாரத்தின் மொழியில் பேசுவார்கள். ஆறு மணியில் தொடங்கும்போது வேலை தலைக்கு மேல், மூன்று மணியைக் கடக்கையில் செங்குத்து, பன்னிரண்டில் தரைநிலை. பின் மறுபடி ஆறுக்கு இறங்கி, ஒன்பது வழியாக மறுபாதியை ஏற வேண்டும். 6ஜி என்பது நாற்பத்தைந்து பாகை சாய்ந்து, அசையாமல் நிற்கும் குழாய். அதில் எந்த இரண்டு மணிகளிலும் குளம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. வெல்டர் ஒவ்வோர் அங்குலத்திலும் மணிக்கட்டை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பில் ஒன்பதாம் பிரிவு, 6ஜி தேறியவரை மற்ற எல்லா நிலைகளுக்கும் தகுதியானவராக ஏற்கிறது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக விரும்பும் வடசென்னை இளைஞர்கள் அந்த எண்ணைத் துரத்துவது இதனால்தான்.

இவ்வளவையும் வரிசையாகப் படித்தபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. நிலை என்று இந்நூல்கள் சொல்வது முழுக்க முழுக்க இணைப்பின் நிலை. மனிதனின் நிலையைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. தேர்வின்போது தகடோ குழாயோ குறித்த கிடைத்தளத்திலிருந்தும் செங்குத்துத் தளத்திலிருந்தும் பதினைந்து பாகை வரை விலகலாம், சாய்ந்த குழாயாக இருந்தால் ஐந்து பாகை வரை விலகலாம் என்று அதே ஒன்பதாம் பிரிவு இரும்புக்குச் சலுகை அளந்து கொடுக்கிறது. கழுத்து எத்தனை பாகை வளையலாம் என்று அது கேட்பதில்லை. கேட்கவேண்டிய கடமை அதற்கு இல்லை என்பதையும் நாங்கள் உணர்கிறோம். கொதிகலன் வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பது அந்நூலின் கவலை. ஆலையில் வேலை செய்யும் எல்லோருடைய உயிரும் அந்தக் கவலையில் அடங்கியிருக்கிறது. ஆனால் ஒரு தொழிலாளியின் வாழ்நாள் முழுவதையும் குறிக்கும் ஒரே காகிதத்தில் இரும்பு எப்படி இருந்தது என்பது மட்டும் எழுதப்பட்டு, அவர் எப்படி இருந்தார் என்பது எழுதப்படாமல் போகிறது.

எங்கள் பகுதியில் நடந்து பார்த்தால் வேலை இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும். பெரிய வாகனத் தொழிற்சாலைகளில் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் மேசைகள் உண்டு. சட்டத்தைப் பற்றிச் சுழற்றி, ஒவ்வோர் இணைப்பையும் தரைநிலைக்குக் கொண்டுவந்து தருவார்கள். அங்கே திரும்புவது இரும்பு. பட்டறைகளிலும் இதே அறிவு வேறு வடிவில் இருக்கிறது. வாசற்கதவு செய்பவர் ஒரு பக்கம் முடிந்ததும் பையனைக் கூப்பிட்டு, இருவராகக் கதவைப் புரட்டிப் போடுகிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா 2,700க்கும் மேற்பட்ட லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. அங்கே மேற்கட்டுமானங்களைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்து, பின்னர் பாரந்தூக்கியால் நிமிர்த்திப் பொருத்தினார்கள். தலைக்கு மேல் செய்யவேண்டிய வேலை அதனால் தரைவேலையாயிற்று. புதிதாகப் பயின்றவர்களைக்கொண்டு அத்தனை வேகமாகக் கட்ட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கப்பலைத் துண்டு துண்டாகச் செய்து இணைக்கும் இன்றைய முறையும் அந்த வழியில் வந்ததுதான்.

கொதிகலனைப் புரட்ட முடியாது. அனல்மின் நிலையத்தின் உலைச்சுவர் முழுவதும் குழாய்கள். பல குழாய்களுக்கு இடையே கை நுழைவதே கடினம். ஒன்று ஓட்டையாகி நீராவி கசிந்தால், அலகை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே ஆளை அனுப்புவார்கள். குழாயின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துப் பற்றவைக்க வேண்டும். பிம்பத்தில் தொலைவும் அருகும் மாறித் தெரியும். கை ஒரு திசையில் போக, கண் வேறு திசையைச் சொல்லும். 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்திலும், அத்திப்பட்டில் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்திலும் பராமரிப்புக் காலங்களில் அப்பா இப்படி வேலை செய்திருக்கிறார். அங்கே இரும்பு திரும்பாது. அது திரும்பாத அளவுக்கு அவர் திரும்ப வேண்டும். சாக்குப்பையை மடித்து முழங்காலுக்கு வைத்து, ஒரு தோளைக் குழாயில் முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு ராடு தீரும்வரை அசையாதிருக்க வேண்டும். முகமூடியைத் தலையசைத்து இறக்க இடமில்லாத மூலைகளில் கண்ணில் வெளிச்சம் அடித்துவிடும். அன்றிரவு கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். விளக்கை அணைத்துவிட்டு, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, நாங்கள் அடுத்த அறையில் மெல்லப் படிப்போம்.

எளிய நிலை உடலுக்கும் எளியது என்று எண்ணிவிடவும் கூடாது. புகை மேலே எழும். தரைநிலையில் குனிந்து நிற்பவரின் முகம் அந்தப் புகையின் பாதையில் இருக்கிறது. தலைக்கு மேல் செய்பவருக்குப் பொறி கொட்டும். எனினும் புகை அவரைவிட்டு விலகி மேலே போகக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. அப்பா வேலை செய்த இடங்கள் பலவற்றில் புகையை உறிஞ்சும் குழாய் இருந்ததில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து நிற்பதுதான் அவர் அறிந்த ஒரே தற்காப்பு.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டுக் கதை. ஒரு வெல்டர் ஒரு முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் அந்த முறையில் அவருடைய தகுதி காலாவதியாகும் என்பது ஒன்பதாம் பிரிவின் விதி. கை மறந்துவிடும் என்ற நியாயமான அச்சம் அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை இருப்பதும் இல்லாததும் அவர் கையில் இல்லை. அப்பாவுக்கு வலத்தோள் இறுகிப்போய் எட்டு மாதம் வீட்டில் இருந்தார். கையைக் காதுவரை தூக்க முடியவில்லை. சட்டையை அம்மா மாட்டிவிடுவார். மருத்துவர் தோளுக்கு ஓய்வு சொன்னார். அந்த ஓய்வே தகுதியை அழித்தது. ஓர் ஒப்பந்ததாரர் மீண்டும் அழைத்தபோது, மறுபடியும் தேர்வு எழுதிவிட்டு வரச் சொன்னார். தேர்வுச் செலவு அப்பாவுடையது.

நாற்பத்தைந்து பாகைக் குழாயின் முன் அவர் மறுபடி உட்கார்ந்தார். முதல் வரியை உள்வாயில் சீராக ஊடுருவச் செய்தார். அதன் மேல் அடுத்தது. கடைசியாக மேல்மூடி வரி. குழாயை ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒரு கருப்புப் புள்ளி இல்லை. சான்றிதழ் வந்தது. ஆறு மணி நிலையில் தோளை மேலே பிடித்திருந்த நேரத்துக்கான விலையை அடுத்த இரண்டு வாரம் அவர் கொடுத்தார். படுக்கையில் திரும்பிப் படுக்க முடியவில்லை. அந்த வேலைக்கு அவர் போகவேயில்லை. பெட்டியில் இருக்கும் சான்றிதழ்களில் மிகப் புதியதும், ஒரு நாள்கூடப் பயன்படாததும் அதுதான். இணைப்பைப் படம் பிடிக்க ஒரு கருவியும் ஒரு விதியும் இருந்தன. அதே அறையில், அதே இரண்டு மணி நேரத்தில், கிழிந்துகொண்டிருந்த தோளைப் பார்க்க யாருக்கும் விதி இல்லை.

இதை எழுதும்போது வெல்டிங்கை வெறும் துன்பமாகக் காட்டிவிடக் கூடாதென்ற கவனமும் எங்களுக்கு இருக்கிறது. அப்பா தம் கைவேலையைப் பற்றிப் பேசும்போது முகம் மாறிவிடும். 6ஜி முடித்தவன் என்பதை இன்னமும் அவர் குரலில் ஒரு நிமிர்வோடுதான் சொல்கிறார். அந்த நிமிர்வு மெய்யானது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை வைத்து, காணாத பக்கத்தில், அழுத்த நீராவியைப் பல ஆண்டுகள் தாங்கும் வரியைப் போடுவது ஒரு கலைதான். திருச்சியில் பெல் நிறுவனத்தோடு இணைந்து 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம்போன்ற இடங்கள் அந்தக் கலைக்கு அறிவியல் துணையாக நிற்கின்றன. எங்கள் கேள்வி கலையைப் பற்றியதன்று. புரட்டிப்போட முடிந்த இரும்பையும் புரட்டாமல் விட்டுவிட்டு, அதன் அடியில் ஒரு மனிதனைப் படுக்கவைப்பதைப் பற்றியது. பாரந்தூக்கிக்கு வாடகை உண்டு, திருப்புமேசைக்கு விலை உண்டு. தோளுக்கு அன்றைய கூலி மட்டும்தான். ஆகவே கணக்குப் பார்ப்பவருக்குத் தோள் மலிவாகத் தெரிகிறது. தேய்மானத்தை அந்தக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அது விம்கோ நகரில் ஏதோ ஒரு வீட்டில், சட்டை மாட்டிவிடும் இன்னொருவர் தலையில் விழுகிறது.

இக்கட்டுரையை முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினோம். நிலைகளைப் பற்றிய பகுதியில் இரண்டு இடங்களில் எங்களை நிறுத்தி, ராடைப் பிடிக்கும் கோணத்தை இடக்கையால் காற்றில் வரைந்து காட்டினார். தோளைப் பற்றிய பகுதிக்கு எதுவும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டபிறகு இவ்வளவு சொன்னார்: "திருப்ப முடிஞ்சத திருப்பிட்டு, முடியாததுக்கு மட்டும் எங்கள கூப்புட்டா போதும்பா. அத நாங்க செஞ்சிட்டுப் போறோம்."